கிழக்கு வானமும் கட்டில் கம்பியும்

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மொட்டை மாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் தங்கபுஷ்பம் முதலில் பார்த்தது அதைத்தான். பார்த்ததும் மனசு சுருங்கியது, சுருங்கியதை அவளே கவனித்தும்விட்டாள். மேகம் இருந்தால் காத்திருக்கலாம். விலகட்டும் விலகட்டும் என்று நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கீழே கட்டிலில் கிடக்கிறவருக்கும், அவருக்கு முன்னால் தனக்கும். இப்படிக் கழுவித் துடைத்த மாதிரி வானம் கிடந்தால் நிலா வரும், படம் எடுக்கலாம், இறங்கிவிட வேண்டியதுதான். மேகம் வேண்டும் என்று ஒரு பொம்பளை ஆசைப்படுகிறாள், அதுவும் புருஷன் நிலாவைப் படம் பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கும்போது. மூன்று கால் ஸ்டாண்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கேமராப் பையைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். தரை இன்னும் சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தரை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். திரும்பிப் போய் எடுக்கலாம்தான், போனால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் அவர் கூப்பிடுவார். பாதம் சுட்டால் சுடட்டும். தூரத்தில் உப்பளங்களுக்கு அப்பால் கடல் இருக்கிற இடம் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது, துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கிரேன்களுக்குக் கொஞ்சம் வடக்கே வரும், இந்த மாசம் அங்கேதான் வரும், என்று கீழே அவர் இடது கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். கை எந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு இப்போது அர்த்தம் புரிந்துவிடுகிறது. முப்பது வருஷம் வாய் நிறையப் பேசினபோது இத்தனை புரிந்ததா என்று தெரியவில்லை.

அவள் புருஷன் ஞானதிரவியம் அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர். ராத்திரி ஷிப்டு, பகல் ஷிப்டு என்று ஆயுசில் பாதியை ஊசி ஆடுகிற டயல்களைப் பார்த்தே கழித்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது வாங்கியதுதான் இந்த லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பிடிக்கிற லென்ஸ் என்றால் துப்பாக்கி மாதிரி நீண்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இது குட்டையாய்ப் பருத்து, முறுக்கு போட்டு வைக்கிற சம்படம் மாதிரி இருந்தது. "உள்ள கண்ணாடி இருக்கு புஷ்பம், முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. வெளிச்சம் உள்ள போயி முட்டி, திரும்பி வந்து மறுபடி முட்டி, அப்புறந்தான் கேமராவுக்குப் போகும். நீளத்த மடிச்சு உள்ள வச்சிருக்கான்" என்று சொல்லிக் காட்டினார். முன்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு வட்டம். நடுவில் அடைத்திருக்கிறதே, நிலாவுக்கு நடுவில் ஓட்டை விழாதா என்று கேட்டதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விழாதாம். நடுவில் இப்படி ஒன்று மறைத்துக்கொண்டு இருப்பது தெரியாமலே படம் முழுசாக வருமாம். அவள் ஸ்டாண்டின் கால்களை விரித்து, ஒவ்வொன்றையும் திருகி இறுக்கி, கேமராவை மேலே பூட்டினாள். கை தானாகச் செய்தது. நேற்று வரைக்கும் கேஸ் அடுப்பைத் தவிர எதையும் திருகத் தெரியாத கை. நேற்று வரைக்கும் என்பது பொய், தவக்காலத்துக்கு முன்பு வரைக்கும். தவக்காலத்தில்தான் அவர் விழுந்தார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில் நின்றுகொண்டு, "புஷ்பம், இங்க வா, நிலா ரெண்டா தெரியுது" என்று கூப்பிட்டார். வந்து பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. "கண்ணாடிய மாத்துங்க, எத்தன வருசமா அதே கண்ணாடி" என்று சொல்லிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கும் என்று இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் பிரஷ் கையில் நிற்காமல் விழுந்தது, அப்புறம் அவர் விழுந்தார். நிலா இரண்டாய்த் தெரிந்தது கண்ணில் இல்லை, மூளையில் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். நிறுத்தின வாக்கியம்தான் இந்த ஆறேழு மாசமாகப் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. குழம்பு அடிப்பிடிக்கவும் இல்லை அன்றைக்கு.

"என்னக்கா, நிலாவா?" பக்கத்து மாடியில் மேபல் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்குப் பக்கத்து வீடு அவர்களுடையது, இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்துதான் இடைவெளி. "ஆமா மேபல்" என்றாள். "அண்ணாச்சி எப்படி இருக்காவ?" "இருக்காவ. பேச்சு கொஞ்சம் கொஞ்சம் வருது. புஷ்பம்னு வாயில வரல்ல, புப்பம் புப்பம்ங்காவ." மேபல் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் நீங்க பாக்கிற பார்வதான்க்கா. போன ஞாயித்துக்கிழம நீங்க கோயிலுக்கு வரல்லல்லா, ஐயர் பிரசங்கத்துல உங்களத்தான் சொன்னாவ. பேரு சொல்லல்ல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு. முகம் கோணாம பணிவிடை செய்ய ஒரு கிருபை வேணும்னாவ. எங்க அத்த அப்பவே எம் முகத்தப் பாக்காவ!" தங்கபுஷ்பம் லென்ஸின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன பதில் சொன்னாள் என்று அப்புறம் நினைவில்லை, ஏதோ சொன்னாள், கர்த்தர் பார்த்துக்கிடுவார் என்பது மாதிரி. மேபல் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். முகம் கோணாமல். முகம் கோணாது. முகத்துக்கு என்ன, அது முன்பக்கம் இருக்கிறது. இந்த நேரத்துக்குக் கோயிலில் எத்தனை பேர் என்னைப் பற்றி நல்லது நினைத்துக்கொண்டிருப்பார்கள், போதகரின் மனைவி ஐயரம்மா தன் வீட்டில் சொல்லியிருப்பாள், பெண்கள் ஐக்கியத்தில் ஜெபத்தில் சேர்த்திருப்பார்கள், அந்த ஜெபமெல்லாம் எங்கே போய் விழும், நான் இல்லாத ஒருத்தி மேலா? போன மாசம் இதே பௌர்ணமிக்கு நான் இங்கே என்ன செய்தேன் என்று ஐயருக்குத் தெரியுமா?

போன மாசம் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான். மேலே வந்தாள், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மகள் ஷீபா ஓசூரிலிருந்து வந்திருந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவருக்கு அது ஆகாது, முந்திரி தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவர் கண் முன்னால் தின்பது பாவம் என்று மேலே கொண்டுவந்தாள். அதுவரைக்கும் சரி. ஆனால் ஒவ்வொன்றாய் எடுத்து நாக்கில் வைத்துக் கரைய விட்டு, நிலா பழுத்த கொய்யா மாதிரி எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத, யாருக்கும் மூத்திரம் பிடிக்க வேண்டாத, யாரையும் புரட்டிப் போட வேண்டாத அந்தக் காற்றில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் சந்தோஷமாக இருந்தாள். சும்மா நிம்மதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சந்தோஷம். கல்யாணத்துக்கு முந்தி நாசரேத்தில் ஹாஸ்டல் மாடியில் இருந்த மாதிரி. இறங்கிப் போய், "ஒரே மேகம். ஒண்ணும் தெரியல்ல" என்று சொன்னாள். நல்லவேளை மங்கலான விளக்கு. அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டாள். வார்த்தை வராத ஆளிடம் பொய் சொல்வது எத்தனை சுலபம்.

வந்துவிட்டது. எதிர்பார்த்த இடத்தில் இல்லை, கிரேன்களுக்கு நேர் பின்னால். முதலில் நிலா என்றே தெரியவில்லை, துறைமுகத்தில் எங்கோ தீப்பிடித்த மாதிரி ஒரு செம்மண் கறை. குனிந்து கண்ணை வைத்தாள். லென்ஸ் இன்னும் குவியவில்லை, கிரேன்களில் எரிகிற விளக்குகளெல்லாம் நடுவில் ஓட்டை விழுந்த வளையங்களாகத் தெரிந்தன, யாரோ ஒரு வளையல்காரன் பெட்டியைத் தட்டிவிட்ட மாதிரி. இந்த லென்ஸில் மட்டும்தான் இப்படி வரும். பழகாத நாளில் பயந்தாள், இப்போது இதை அவளுக்குப் பிடிக்கும், சரியாகத் தெரிவதற்கு முந்தி இருக்கிற இந்தக் கொஞ்ச நேரம். வளையத்தைத் திருகினாள். ஒரு மயிரிழை கூடினால் போய்விடும், ஒரு மயிரிழை குறைந்தாலும் போய்விடும். "அவசரப்படாத, தாண்டிப் போ, திரும்பி வா" என்று அவர் இடது கையை ஆட்டி ஆட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார். தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். வளையங்கள் சுருங்கிப் புள்ளிகளாயின. நிலாவின் விளிம்பு பிடிபட்டது. தரைச்சூட்டில் அது நடுங்கியது, கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி நெளிந்தது. தொட்டால் ஆடிவிடும், அதனால் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், இரண்டு நொடி கழித்து அதுவாக எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு நொடியும் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். யாரும் அடக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் நின்றபோதும் இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சின்ன வயசு, தூங்காத கண். "பிழைச்சுக்கிடுவாரும்மா" என்றார். அப்போது, அந்தச் சொல் காதில் விழுந்ததும், முதலில் மனசில் வந்தது... க்ளிக். படம் விழுந்தது. திரையில் பார்த்தாள். கிரேனின் கை நிலாவைக் குறுக்கே வெட்டியது, நிலா ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. பரவாயில்லை, அவர் பார்த்தால் சிரிப்பார்.

அப்போதுதான் கீழே தட்டினார். டிங் டிங் என்று ஸ்பூனால் கட்டில் கம்பியில். ஷீபாவின் புருஷன் பேட்டரி போட்ட காலிங்பெல் வாங்கிக் கொடுத்திருந்தான், அதை அமுக்க அவர் விரலுக்குப் பிடிக்கவில்லை, ஸ்பூன்தான் வேண்டும் என்றார். தண்ணீருக்கு ஒரு மாதிரி தட்டுவார், மின்விசிறிக்கு ஒரு மாதிரி, சும்மா பயந்துபோனால் ஒரு மாதிரி. இது எது? படிக்கட்டு வழியாக ஏறிவரும்போது சத்தம் முனை மழுங்கிவிடுகிறது. தண்ணீராகத்தான் இருக்கும். தண்ணீர் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறது, உறிஞ்சுகுழல் போட்டு. அப்போ ஃபேனா? இந்தா வருகிறேன் என்று மனசுக்குள் சொன்னாள். நிலா கிரேனை விட்டு விலகிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம், ஒரு விரல்கடை மேலே வந்தால் முழு வட்டம் தனியாகக் கிடைக்கும், அதைத்தானே அவர் கேட்டார், அவருக்காகத்தானே. டிங் டிங். அவருக்காக என்று சொல்லும்போதே அது அவருக்காக இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. கால் சுட்டுக்கொண்டே இருந்தது, நகரவில்லை. காலையிலிருந்து எத்தனை தரம் ஓடியிருக்கும் இந்தக் கால், மலம் எடுக்க, வாய் துடைக்க, புரட்ட, தூக்க, முதுகில் புண் வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்க்க. இதற்கு மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. அவள் மறுபடி குனிந்தாள். நிலா செம்மை போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினாள். கையை எடுத்தாள். மூச்சை அடக்கினாள். டிங் டிங் டிங். படத்தில் சத்தம் விழாது.

எத்தனை எடுத்தாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றும் போன ஒன்றைவிட நன்றாக வந்தது. நிலாவின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கீற்றுகள் ஓடுகின்றன, கல்லெறிந்து உடைந்த கண்ணாடி மாதிரி. இதுவரை எந்த மாசமும் அவளுக்கு அது இத்தனை சுத்தமாக விழுந்ததில்லை. அவருக்கே விழுந்ததில்லை என்று நினைத்தாள், அந்த நினைப்பில் ஒரு பெருமை வந்தது, பெருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெட்கம் வந்தது, அப்புறம்தான் உறைத்தது, தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? இப்போதா, ரொம்ப நேரம் ஆகிவிட்டதா? தெரு அடங்கிக் கிடந்தது. எங்கோ ஒரு வீட்டில் சீரியல் பாட்டு. உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. தூங்கியிருப்பார். இத்தனை நேரம் தட்டினவர் உடனே தூங்குவாரா? புரண்டு விழுந்திருப்பாரோ, கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டினேனா, மாட்டினேன், மாட்டினேன் என்று நினைக்கிறேன், எச்சில் புரையேறி மூச்சு, அன்றைக்கு ஒரு தரம் ஏறி உதடு நீலமாகிப் போனதே, அப்படியே கிடந்தால். அப்படியே கிடந்தால் என்ற இடத்தில் மனசு நின்றது. கல் தடுக்கின மாதிரி. தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்த இடத்துக்கு அப்பால் இருட்டாக இருக்க வேண்டும், அவளுக்குத் தெரியும், பயமும் அழுகையுமாக இருக்க வேண்டும், இருந்தது, ஆனால் அதற்கும் பின்னால் ஒரு ஓரத்தில், இந்த மாடியின் காற்று மாதிரி ஏதோ ஒன்று அசைந்தது. பிழைச்சுக்கிடுவாரும்மா என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னபோது முதலில் வந்ததும் இதே ஓரத்திலிருந்துதான் வந்தது. ஸ்தோத்திரம் என்று வரவில்லை. அப்போ நான்? என்று வந்தது. அப்போ நான் என்ன ஆவேன். அதை நினைத்த மனசோடேயே அடுத்த நிமிஷம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதாள், டாக்டர் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. அதை எந்த ஐயரிடம் போய்ச் சொல்வது?

ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூடியைப் போடவில்லை, கதவைச் சாத்தவில்லை. கர்த்தாவே கர்த்தாவே என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள், ஒரு படியில் முழங்கால் இடித்தது, கேமரா சுவரில் மோதாமல் இருக்கத் தோளைக் கொடுத்தாள், புருஷன் என்ன ஆனாரோ என்று ஓடும்போதும் லென்ஸுக்கு அடிபடக் கூடாது என்று பார்க்கிற இந்த உடம்பை என்ன சொல்வது. உள்ளே விளக்கைப் போட்டாள். அவர் விழவில்லை. கம்பி மாட்டித்தான் இருந்தது. தலையணையிலிருந்து சரிந்து, வலது கை தனக்குச் சொந்தமில்லாத பொருள் மாதிரி உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்க, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். ஸ்பூன் தரையில் கிடந்தது. விழுந்துவிட்டதால்தான் தட்டவில்லை. அடுத்த மூச்சில் வாடை வந்தது. விரிப்பு நனைந்து, முதுகு வரைக்கும் ஏறி, ரப்பர் ஷீட்டின் மடிப்பில் தேங்கியிருந்தது. பாத்திரம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, எடுத்துப் பிடிக்க ஆள்தான் இல்லை. மின் நிலையத்தில் முழங்கை வரை சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஷிப்டு முடிந்து வருகிற மனுஷன். "இந்தா வந்துட்டேன்" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் திரும்பவில்லை. "கூ... கூப்பிட்டேன்" என்றார் சுவரைப் பார்த்து. கேக்கல்லங்க, ஃபேன் சத்தம், மேபல் வந்து பேசிக்கிட்டிருந்தா, என்று எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாகத் தயாராக இருந்தன. வாயைத் திறந்தாள். "கேட்டுச்சு" என்று வந்தது.

வெந்நீர் போட்டாள். அந்தப் பக்கம் புரட்டினாள், ஈர விரிப்பைச் சுருட்டி முதுகுக்கு அடியில் தள்ளினாள், இந்தப் பக்கம் புரட்டி உருவி எடுத்தாள். துடைத்தாள், மறுபடி துடைத்தாள், இடுக்குகளில் பவுடர் போட்டாள், புது விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டாள், சுருக்கம் இருந்தால் புண் வரும். அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்த அளவுக்கு உடம்பைத் தூக்கிக் கொடுத்தார். தினமும் செய்கிறதுதான். நனைந்ததெல்லாம் வாளிக்குள் போனது, தூள் போட்டு ஊற வைத்தாள், கையைக் கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். திரும்பி வந்தபோது அவர் மல்லாந்து கிடந்தார், கண் ஸ்டாண்டின் மேல் இருந்தது. "நிலா" என்றார்.

கேமராவைக் கழற்றி அவர் மார்பின் மேல் தலையணை வைத்து அதில் வைத்தாள். அவர் இடது கட்டைவிரலால் ஒவ்வொரு படமாய்த் தள்ளிப் பார்த்தார். கிரேன் வெட்டின செம்மண் நிலாவில் நின்றார். அடுத்தது. அடுத்தது. தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் படங்களுக்கு வந்ததும் விரல் நின்றது. "வெள்ளை" என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் முதல் படத்துக்குத் திரும்பிப் போய்க் காட்டினார், "செவப்பு", நடுவில் ஒன்றைக் காட்டினார், "மஞ்ச", கடைசிக்கு வந்தார், "வெள்ளை. மேல... ஏறிட்டு. ரொம்ப... நேரம்." அப்போது புரிந்தது. நிலா எழும்பும்போது ஒரு நிறம், ஏற ஏற ஒரு நிறம். அவள் நின்ற நேரமெல்லாம் வரிசையாக அந்தப் பெட்டிக்குள் இருந்தது. "ஆமா" என்றாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்துவது எங்கே என்று தெரியவில்லை. "போன மாசம் மேகம்னு சொன்னேன்லா, அது பொய்யிங்க. நல்லா தெரிஞ்சிது. சும்மா உக்காந்திருந்தேன். மக்ரூன் தின்னேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

அவர் ஜன்னலைக் காட்டினார். மேற்குப் பார்த்த ஜன்னல், அதில் என்றைக்கும் நிலா எழும்புவது தெரியாது. தெரிவதெல்லாம் மேபல் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்தான். அந்தச் சுவர் இப்போது பால் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடந்தது, இவர்கள் மாடிக் கைப்பிடியின் நிழல் அதில் பாதிக்கு இறங்கியிருந்தது. போன மாசமும் இப்படித்தான் வெளுத்திருக்கும். ஒரே மேகம் என்று அவள் வந்து சொன்னபோது அவர் பார்த்தது இந்தச் சுவரைத்தான். மாசக்கணக்காக இவர் இந்தச் சுவரில் நிலாவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள் மேலே காலை நீட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க.

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

வார்த்தை வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. அவளுக்கு வழக்கமாகப் பொறுமை போய்விடும், இதுவா அதுவா என்று எடுத்துக் கொடுப்பாள். இன்றைக்குக் காத்திருந்தாள். "இறங்கி... வரும்போது" என்றார். "பாட்டு." அவள் விழித்தாள். "நானா? பாட்டா?" தலையை ஆட்டினார். என்ன பாட்டு என்று கேட்டாள், அவருக்கு அது வரவில்லை, கையால் தாளம் மட்டும் போட்டுக் காட்டினார். பாடினது அவளுக்கு நினைவே இல்லை. கல்யாணமான புதிதில் பாத்திரம் துலக்கும்போது பாடுவாள், எப்போது விட்டாள் என்றும் தெரியாது. அவள் கண் கலங்கியது, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தாள், அதை அவர் முகத்தில் படித்துவிட்டவர் போலக் கையைத் தூக்கி நிறுத்தினார். "அன்னைக்குப் பாட்டு" என்றார். பல்லைக் கடித்தார். "இன்னைக்கு... கோவம்."

"படுங்க. கோவப்படுங்க" என்றாள். "நான் உங்கள அப்படிப் போட்டுட்டேன்லா." அவர் உதடு கோணிக்கொண்டு இழுத்தது, அழுகையா என்று பார்த்தாள், தெரியவில்லை, அவர் முகத்தில் இப்போதெல்லாம் எல்லாமே ஒரு பக்கமாகத்தான் வருகிறது. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. ஐ.சி.யூ. வாசலில் வந்தது. அதைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவளுக்கு லேசாகிவிடும், பாரம் அவர் மார்பில் ஏறும், அந்த மார்பு தலையணையையே சிரமப்பட்டுத்தான் தூக்குகிறது. அது அவளோடேயே இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஸ்டாண்டைக் காட்டினார். வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள், கட்டில் ஓரத்தைத் தட்டினார், இங்கே. தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள், கேமராவை ஸ்டாண்டில் பூட்டி அவர் கண் உயரத்துக்கு இறக்கினாள். லென்ஸை அறைக்குள் திருப்பினார். அவளுக்கு நேராக. அவருடைய கண் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டது. இடது கை வளையத்தைத் திருகியது. கட்டிலோரத்திலேயே அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். "ஐயோ என்னயவா? நைட்டி பூரா ஈரம், தலைய பாருங்க."

"தள்ளி" என்றார்.

ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அவர் திருகினார். தலையை ஆட்டினார். பக்கத்தில் இருப்பது இந்த லென்ஸுக்குத் தெரியாது, அவர் முன்பு சொல்லியிருக்கிறார், கையெட்டும் தூரத்தில் இருக்கிறதெல்லாம் வெறும் புகைதான் இதற்கு. "தள்ளிப் போ, புப்பம்." அவள் அறை வாசலுக்குப் போனாள். "இன்னும்." ஹாலுக்குப் போனாள், சாப்பாட்டு மேஜையைத் தாண்டினாள். அங்கேயிருந்து பார்த்தால் திறந்த கதவுக்குள் கட்டிலும், கட்டிலில் கேமராவுக்குப் பின்னால் பாதி முகமுமாக அவர் சின்னதாகத் தெரிந்தார். "இன்னும்" என்று குரல் வந்தது. வாசல் கதவைத் திறந்துகொண்டு முதுகை வெளிப்பக்கம் வைத்து நிலைப்படியில் நின்றாள். தெருவிளக்கு தோளில் விழுந்தது, கடற்காற்று ஈர நைட்டியை முதுகோடு ஒட்டியது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வயிற்றின் மேல் கட்டினாள், பிறகு அவிழ்த்தாள். உள்ளே அந்தக் கை தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போய், அவளைத் தேடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் எடுத்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்ள என்று அவள் யோசித்தாள், சிரிக்கத் தோன்றவில்லை, சிரிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளவும் இன்றைக்கு முடியவில்லை, இருக்கிறபடி விட்டுவிட்டாள்.

"அசையாத" என்றார்.

அசையாமல் நின்றாள். வெளிச்சம் போதாது, நிறைய நேரம் திறந்திருக்க வேண்டும் இந்த லென்ஸுக்கு, அதற்குள் மூச்சு விட்டாலே கலங்கிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டாள். க்ளிக் என்றது. எப்படி வந்திருக்கும் என்று பார்க்க ஒரு அடி எடுத்து உள்ளே வைத்தாள்.

"அங்கயே நில்லு" என்றார் ஞானதிரவியம். "இன்னொண்ணு."